ரெகுலேட்டரில் விட்ட எண்ணெய்

ஏழுமலை, என் உயிர் மச்சானே,

நம் கல்லூரியின் ரேஸ் கார் இந்த வருடம் பந்தயத்தை ஓடி முடித்தது. ஸ்டியரிங்கில் இருக்கும் பொத்தானை அழுத்தியதும் காற்று பிஸ்டனைத் தள்ள, ஒவ்வொரு முறையும் கியர் சுளுவாக விழுந்தது. உன் நோட்டில் நீ போட்டு வைத்த கணக்குதான். காரில் தனியாகக் கம்ப்ரஸர் வைத்தால் எடை கூடும், சின்ன பாட்டிலில் சாதாரணக் காற்றை அடைத்துக்கொண்டால் பந்தயம் முழுக்கத் தாங்கும் என்று எழுதியிருந்தாயே, தாங்கியது. மிச்சமும் இருந்தது. இதைக் கேட்க உனக்குச் சந்தோஷமாக இருக்குமா, வயிறு எரியுமா?

நாம் கார் செய்த வருடம் அந்தப் பாட்டிலை நிரப்பச் சென்னைக்குப் போகவேண்டும் என்றாய். வேலூரிலேயே ஆஸ்பத்திரி ஆக்ஸிஜன் சிலிண்டர் கிடைக்கும்போது எதற்கு வீண் அலைச்சல் என்றேன் நான்.

“ஆக்ஸிஜன் வேற, காத்து வேற மச்சான். எண்ணெ கொஞ்சம் பட்டாலும் குபீர்னு புடிச்சிக்கும். உங்க ஷெட்ல எங்க பாத்தாலும் எண்ணெ.”

“இன்னாடா பேஜார் பண்ற? ரெண்டும் காத்துதான். ஷெட்டு எங்களுது. பயமா இருந்தா ஜல்தியா பஸ் ஏறி உன் ஊரு பெரணமல்லூருக்கே போய்ச் சேரு.”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. கூலிக்குப் போகும் அம்மாவின் மகனுக்கு, தறி முதலாளி வீட்டு ஷெட்டை விட்டால் கார் செய்ய வேறு இடம் ஏது? அது தெரிந்துதான் சொன்னேன்.

ஆக்ஸிஜன் சிலிண்டர் வந்தது. நீ கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரை அதன் வாயில் மாட்டினாய். மறுநாள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் அன்று விசைத்தறி முதல் கத்தரிக்கோல் வரை எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைப்போம். எண்ணெய்க் குப்பியோடு தறி தறியாக வந்தேன். வரிசைக் கடைசியில் நம் கார், பக்கத்தில் அந்தச் சிலிண்டர். ரெகுலேட்டரின் மரை இறுக்கமாக இருந்தது. கழற்றி, நாலு சொட்டு விட்டு, திரும்ப மாட்டிப் பொட்டும் வைத்தேன்.

நீ சொன்னது மறந்துவிட்டதா என்று கேட்பாய். கைப்பழக்கம் என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நினைவு வந்தது, ஏழுமலை. இவன் ரொம்பத்தான் அலட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டே விட்டேன்.

விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து, பாட்டிலை நிரப்ப நீ சிலிண்டரின் வால்வைத் திறந்தாய். நான் வாசலில் தேங்காய் உடைக்கப் போயிருந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்தபோது உனக்கு முகம் என்று எதுவும் மிச்சமில்லை.

மரையில் எண்ணெய் விட்டது யார் என்று கல்லூரி விசாரணையில் கேட்டார்கள். “தெரியல சார். சிலிண்டர் வேலையெல்லாம் அவன்தான் பாத்துகினு இருந்தான்” என்றேன். மாணவரின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். இப்போது புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வருடாவருடம் உன் படத்தைப் போட்டு, இப்படிச் செய்யாதீர்கள் என்று பாடம் நடத்துகிறார்கள். நானும் ஒருமுறை பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

உன் காரியம் முடிந்த கையோடு உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “எம் புள்ள பண்ண தப்புல நீயும் போயிருப்பியே கண்ணு. மனசுல வெச்சிக்காத. இனிமே நீதான் எனக்குப் புள்ள.” அன்றிலிருந்து வருடம் தவறாமல் மல்லாட்டைக் கடலை அவித்து எடுத்துக்கொண்டு வருகிறார். நானும் உரித்துத் தின்கிறேன்.

போன வாரமும் வந்தார். சுவரிலிருந்த உன் படத்தைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டாராம். “எண்ணெ படக்கூடாதுன்னு தெரியாத படிப்பு இன்னா படிப்பு? ஊரா வூட்டுப் புள்ளய கொல்லப் பாத்தவன். அவனுக்கு வெளக்கு ஏத்த மனசு வரல” என்றார். நான் அப்போதும் மல்லாட்டையைத்தான் உரித்துக்கொண்டிருந்தேன். இதைவிடக் கீழாக ஒருவன் போக முடியுமா?

நாளைக் காலை முதல் பஸ்ஸில் உங்கள் வீட்டுக்குப் போகிறேன். எண்ணெய் விட்டது நான் என்று சொல்வேன். உன் படம் சுவருக்குத் திரும்பும்வரை அந்த வாசலை விட்டு நகரமாட்டேன், அவர் என்னை என்ன செய்தாலும் சரி. கல்லூரிக்கும் எழுதிக் கொடுப்பேன், பாடம் நடத்தக் காட்டுவதற்கு என் படத்தையும் சேர்த்து.

நாளைக் காலை வரை மட்டும் உன் அம்மாவுக்குப் பிள்ளையாக இருக்கப்போகும்,
தனசேகரன்