பாதையில் ஏறாத ரயில்

இன்று கொழும்பிலிருந்து உறை வந்தது. உள்ளே எங்கள் இரண்டு பேருடைய பாஸ்போட்டும் இருந்தன. இரண்டிலும் விசா ஒட்டியிருக்கிறது. உங்கள் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து ஐந்து நாள்தான் ஆகிறது.

மகன் செத்துப்போனபோது இதே விசாவுக்கு எவ்வளவு கெஞ்சினோம். இல்லையென்றுவிட்டார்கள். ஒஸ்லோவில் அவனை அடக்கம் செய்ததை மகள் அங்கே நின்று போனில் காட்டத்தான் பார்த்தோம். குழியைச் சுற்றி ஒரே பனி. அன்றைக்கே நீங்கள் முடிவெடுத்துவிட்டீர்கள், ஒருநாள் அங்கே போய் மெழுகுதிரி கொளுத்துவதென்று.

பாரிசில் இருக்கும் மகள், அங்கிருந்து பிளேனில் இரண்டரை மணித்தியாலம்தான் என்றாள். நீங்கள் கேட்கவில்லை. "அவன் அகதியாத் தனிய ரயில் மாறி மாறிப் போன வழி. நாங்களும் அதாலை போவம்" என்றீர்கள். அதற்குப் பிறகு அவளே ரயில் நேரங்களைத் தேடிச் சொல்லத் தொடங்கினாள்.

கடலுக்குப் போகாத நாட்களில் குசினி மேசையில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இருப்பீர்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்காக ஊர்ப் பெயர்களைத் தமிழில் எழுதினீர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை மணித்தியாலம் பொறுக்க வேண்டும் என்று.

ஒருநாள் மகள் சொன்னாள், டென்மார்க் தாண்டினால் கடலுக்கு மேலே பாதை இருக்கிறது என்று. அவள் சொன்னது தண்டவாளம் போகிற பாலத்தை. எங்களுக்குப் பாதை என்றால் ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு ஆட்களையும் மோட்டார்சைக்கிளையும் ஏற்றிப் போகிற மிதவைதானே. நீங்கள் கொப்பியில் எழுதினீர்கள்: "ரயிலைப் பாதையிலை ஏத்துவினம். காத்து எண்டால் ஓடாது. ஒரு நாள் கூட வைக்க வேணும்."

போனில் வாசித்துக் காட்ட, மகள் சிரித்துச் சிரித்து இருமினாள். ஆனால் பின்னேரம் அவளே திரும்ப எடுத்தாள். ஜேர்மனிக்கும் டென்மார்க்குக்கும் இடையில் முந்தி உண்மையாகவே ரயிலைக் கப்பலில் ஏற்றினார்களாம். அண்ணாவும் அப்படித்தான் போயிருப்பானாம். இப்போது நிறுத்திவிட்டார்களாம். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"பாத்தீரே, நான் சொன்னது பிழையில்லை. நாங்கள்தான் பிந்திப்போனம்."

நானும் அன்றைக்குச் சிரித்தேன்.

அவனுக்குப் போடவென்று கிணற்றடி மண்ணை ஜாம் போத்தலில் அடைத்து அலுமாரிக்குள் வைத்தீர்களே, அதை உங்கள் குழியில்தான் கொட்டினேன். வேறு என்ன செய்ய?

மகள் இப்போதும் கூப்பிடுகிறாள். "அம்மா, நீங்கள் தனிய எண்டாலும் வாங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்" என்கிறாள். பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். போகமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவனுடைய குழியைப் பார்க்கப் போனால் உங்களுடையது இங்கே தனியே கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் எந்தப் பாதையும் ஓடாது. விசாவுக்கு ஒரு திகதி போட்டிருக்கிறது. அது வரும், போகும்.

ரயிலில் நீங்கள் நித்திரையாகிப் போனாலும் நான் ஊர் தெரிந்து எழுப்ப வேண்டும் என்று அந்தப் பெயர்களைப் பாடமாக்க வைத்தீர்கள். இப்போதும் பிழைவிடாமல் சொல்வேன். பாரிஸ், கொலோன், ஹம்பேர்க், கொப்பன்ஹாகன், கோதன்பேர்க், ஒஸ்லோ.

விடியவும் சொன்னேன், சேமக்காலையில், உங்கள் குழியின் தலைமாட்டில் நின்று. நீங்கள் எழும்பவில்லை.