கழுவிக் காயவைத்த பன்னிரண்டு துண்டுகள்

என் உயிரான சரோஜா அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருசமாகிறது. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டியது இது. பயத்தில் தள்ளிப்போட்டேன். இப்போது உன் பேராசிரியரின் பதில் வந்துவிட்டது, இனித் தள்ள முடியாது.

என் பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டாள். கையில் அகப்படுவதெல்லாம் வாயில்தான். நேற்று ஓடைக்கரையில் கிடந்த பொலித்தீன் பையைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிடுங்கிவிட்டேன், எங்கே எறிவதென்றுதான் தெரியவில்லை. மலையில் கொழுந்து எடுக்கிறவர்களும் இப்போது இடுப்பில் படங்குச் சாக்குக்குப் பதில் பொலித்தீன் கட்டுகிறார்கள். கிழிந்தால் அதுவும் ஓடைக்குத்தான் வருகிறது.

நீ இதை முன்பே கண்டாய். ஆய்வுகூடத்தில் பகலெல்லாம் மண் பரிசோதனை, நாலு மணிக்கு மேல்தான் உன் சொந்த வேலை. தேயிலைக் கன்று வளர்த்த பழைய பையில் படர்ந்திருந்த வெள்ளைப் பூஞ்சணத்தை எடுத்து வளர்த்தாய். அது சுரக்கும் நொதியம் பிளாஸ்டிக்கை அறுக்கும் என்றாய். "அழியாதுன்னுதானே அத வாங்குறோம் மிஸ்" என்று உன் மேலதிகாரி சிரித்தாராம். சொல்லிவிட்டு நீயும் சிரித்தாய். அப்போது உனக்கு வலித்ததா அக்கா?

நம் தோட்டத்தில் கன்று வளர்க்கும் தவறணையில், கன்றுகளுக்குப் பக்கத்தில், பன்னிரண்டு பொலித்தீன் துண்டுகளைப் புதைத்தாய். பூஞ்சணம் இட்ட ஆறுக்குச் சிவப்பு நூல், இடாத ஆறுக்கு வெள்ளை நூல். நாலு வருசம் யாரும் தொடக்கூடாது என்றாய். நாலாம் வருசம் நீ நுவரெலியா ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாய்.

அந்த வாரம், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு தவறணையை இடம் மாற்றச் சொன்னார். அங்கே வேலை செய்யும் ராசம்மா வாசலில் வந்து கேட்டாள். "டீச்சரம்மா, ஒங்க அக்கா பொதைச்சத என்னா செய்ய? கண்டாக்கு அய்யா வெட்டச் சொல்றாரு." பிள்ளைக்குக் காய்ச்சல், மடியில் அனலாய்க் கிடந்தாள். "பத்திரமா எடுத்து வச்சிருங்க" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

தவறணையில் எடுத்து வைப்பதென்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? கன்று நட்டதும் பையை உரித்து, கழுவி, அடுக்கித்தானே கொடுப்பார்கள்.

மறுநாள் கொடியில் பன்னிரண்டும் தொங்கின. நூல் ஒன்றிலும் இல்லை. "சாம்பல் போட்டு, தேங்காத் தும்பால தேய்ச்சோம். எவ்வளவு படிச்சு என்னா, ஒங்க அக்காவுக்குச் சாமான் வைக்கத் தெரியலியே" என்று ராசம்மா கேலி செய்தாள். உனக்காக மூன்று பேர் சேர்ந்து தேய்த்திருந்தார்கள். அவர்களை நான் எப்படிக் கோபிப்பேன்?

மூன்று துண்டுகளில் ஓட்டை இருந்தது. பூஞ்சணம் தின்றதா, தும்பு தேய்த்ததா?

ஆஸ்பத்திரியில் நீ முதலில் கேட்டதே அதைத்தான்.

"ஓட்ட விழுந்திருக்கா?"

"மூணுல விழுந்திருக்கு அக்கா."

"செவப்பு நூலா?"

"ஆமா."

உன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பேராசிரியருக்கு நீ சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். நீ கையெழுத்துப் போட்டாய். பத்தாம் நாள் போய்விட்டாய்.

பேராசிரியர் இப்போது துண்டுகளை அனுப்பச் சொல்கிறார். முடிவைச் சரோஜாவின் பெயரிலேயே வெளியிடலாம் என்கிறார். இத்தனை வருசத்தில் உன் பெயர் அச்சில் வருவது இதுதான் முதல் தடவை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் வரும். ஆனால் எங்கேயோ ஒருத்தி, உன்னைப் போலவே நாலு மணிக்குப் பிறகு, அதை நம்பித் தன் வருசங்களைக் கொடுப்பாளே. உண்மையைச் சொன்னால் உன் உழைப்பில் ஒன்றும் மிஞ்சாது. ஒருவேளை அந்தப் பூஞ்சணம் நிஜமாகவே தின்றிருந்தால்? அதையும் இனி யாராலும் சொல்ல முடியாது. இரண்டு வழியிலும் உன்னை அழித்தவள் நான்தான்.

திங்கட்கிழமை கந்தப்பளைத் தபால் கந்தோருக்கு நானே போவேன். சாம்பல், தும்பு, நூல், நான் சொன்ன பொய் எல்லாவற்றையும் எழுதி, உன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். இது சத்தியம், அக்கா.

உன் கூடப்பிறந்தவள்,
கமலா