கப்பல் காசும் என் கையெழுத்தும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவின் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். எழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைத்துவிடாதே, நானேதான், இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். இதுவரை என் கடிதம் என்று உனக்கு வந்ததெல்லாம் நான் சொல்ல உன் அம்மா எழுதியது. அதில் பாதியை அவள் விட்டுவிடுகிறாள் என்பது, போன மாதம் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தபோதுதான் தெரிந்தது. இந்தத் தடவை வெட்டுவதற்கு ஆள் இல்லை. இவ்வளவும் எழுத ஆறு நாள் ஆயிற்று, அதனால் அவசரமாகப் படிக்காதே.

நான் திங்கட்கிழமைதோறும் வங்கியில் ஒரு பை சில்லறை எடுத்து வந்து, என் சேகரிப்புக்கு வேண்டிய காசைப் பொறுக்கிக்கொண்டு, மீதியை அடுத்த திங்களன்று திருப்பிக் கட்டுவது உனக்குத் தெரிந்ததுதான். முதல் ஜன்னலில் இருப்பவர் என் தலையைக் கண்டாலே கொட்டாவி விடுவார், நானும் அவருக்குக் கொட்டாவிக்காரர் என்றே பேர் வைத்திருக்கிறேன். கொண்டுபோன பையையே திருப்பிக் கொண்டுவருகிறீர்களே, காசுக்குக் காற்று வாங்கிக் கொடுக்கிறீர்களா என்று கேட்பார். அதையெல்லாம் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் இப்போது அந்தப் பை எனக்கு முன்னைவிட அவசியம். எண் எனக்கு எப்போதும் தெரியும், அளவு தெரியாத கொத்தனார் உண்டா, ஆனால் கப்பல் படம் போட்ட காசில் வருடத்துக்குக் கீழே ஒரு பொடி எழுத்து இருக்கிறது பார், அதை இத்தனை காலம் கீறல் என்று நினைத்திருந்தேன். எந்த ஊர் ஆலையில் அடித்த காசு என்று சொல்லும் எழுத்தாம் அது. படமும் ஒன்றுதான், வருடமும் ஒன்றுதான் என்று எத்தனை காசை என் கையாலேயே திருப்பிக் கொடுத்தேனோ, நினைத்தால் வயிறு எரிகிறது.

இந்த நேரம் பார்த்து வங்கியில் என் ரேகை விழவில்லை என்று பை தர மறுத்துவிட்டார்கள். நாற்பது வருடம் சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் தேய்ந்த கட்டைவிரலில் ரேகைக்கு எங்கே போவது. சரி, இனிமேல் கையெழுத்துப் போடுகிறேன் என்று, வீட்டிலேயே உட்கார்ந்து சீட்டை முழுதும் நானே நிரப்பி எடுத்துப் போனேன். மகளே, நான் எழுதிய முதல் சீட்டு அது. கொட்டாவிக்காரர் அதைச் சரியாகக்கூடப் பார்க்காமல் இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். "கைநாட்டுக் கணக்குல கையெழுத்து செல்லாது பெரியவரே. பேசாம கணக்க வீட்டம்மா பேருக்கு மாத்திட்டுப் போங்க, நிம்மதியா இருக்கலாம்" என்றார். யாருக்கு நிம்மதி? வெயிலில் நின்று சேர்த்த கணக்கு என் பேரில் இருக்கக் கூடாதா? வீட்டில் வந்து சொன்னால் உன் அம்மா, மாற்றிக்கொடுங்கள், அப்புறம் சில்லறைக்கு என்னிடம்தான் மனுப் போட வேண்டும் என்று சிரிக்கிறாள்.

விடவில்லை. கைநாட்டைக் கையெழுத்தாக மாற்ற ஒரு தாள் உண்டு, மூன்று கட்டத்தில் மூன்று கையெழுத்து, மூன்றும் ஒன்றுபோல் இருக்க வேண்டுமாம். முதல் வாரம் என் கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டிவிட்டது. இரண்டாம் வாரம், மூன்றும் மூன்று ஆள் போட்டது மாதிரி இருக்கிறது என்று கொட்டாவிக்காரர் தள்ளிவிட்டார். ரேகையும் நானில்லை, கையெழுத்தும் நானில்லை என்றால் நான் யார் என்று நீயே சொல்.

மூன்றாம் வாரம் அவரை விட்டுவிட்டு, மூன்றாம் ஜன்னலில் இருக்கும் கண்ணாடிக்காரம்மாவிடம் போனேன். அவரும் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. நான் சட்டைப்பையிலிருந்து இரண்டு கப்பல் காசும் என் பூதக்கண்ணாடியும் எடுத்து ஜன்னலுக்குள் தள்ளினேன். ஒரே வருடம், ஒரே எழுத்து, இரண்டும் அவர்கள் கடைசியாகக் கொடுத்த பையிலிருந்தே வந்தவை. "நல்லா பாருங்கம்மா, ஒண்ணுல பாய்மரம் ஓரத்தத் தொடுது, இன்னொண்ணுல தொடல. இரும்பு மெஷினு அடிச்சதே ஒண்ணுபோல இல்ல. இதுல எது செல்லாத காசு?" என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். காசைப் பார்த்தவர் அப்படியே என் மூன்று கையெழுத்தையும் பார்த்தார். "எழுத்து சுழிக்கிற விதம் மூணுலயும் ஒண்ணுதான்" என்று சொல்லி எழுந்துபோய் மேலாளரிடம் முத்திரை வாங்கி வந்தார். அதோடு நின்றாரா, பையைக் கொடுக்கும்போது பழக்கதோஷத்தில் மை டப்பாவையும் நகர்த்தினார். நான் அதை அவர் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டேன். கிழித்த சீட்டுக்கு மட்டும் இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

கடையில் மீதி கொடுத்தால் பார்க்காமல் பையில் போடாதே. பேத்தியை வெறும் வயிற்றோடு பள்ளிக்கு அனுப்பாதே. பதிலை என் பேருக்கே, கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுது, உன் அம்மாவுக்கு நான் படித்துக் காட்டுகிறேன், வேண்டாததை விட்டுவிடுகிறேன். எல்லோரும் நோய் நொடியில்லாமல் நூறாண்டு இருங்கள். வங்கித் தாளில் இருப்பது என் பேர். கீழே உனக்குப் போடுவது வேறு கையெழுத்து, கொஞ்சம் கோணல்தான், ஆனால் இதை நான் யாரிடமும் மூன்று முறை போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
அப்பா