வெட்டச் சொன்னது நான்

ஜூன் 10, திங்கள்

காலை ஏழு மணிக்கே அனல். கும்மிடிப்பூண்டி பைபாஸ் இறங்கும்போதே ரவிக்கை நனைந்துவிட்டது.

எங்கள் பழைய டிரம் குடோன் முதலாளி சார் இன்று ஒரு பொறுப்பு கொடுத்தார். ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணை. அறுபது நீல டிரம்மை நெடுக்குவாக்கில் இரண்டாக வெட்டித் தர வேண்டும், தீவனத் தொட்டிக்கு. எதை வைத்து வெட்டுவது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஓட்டை டிரம் நாலில் பழகிப் பார்த்தோம்.

கை ரம்பம்: விளிம்பு சுத்தம். ஆனால் ஒரு டிரம்முக்கு முக்கால் மணி நேரம். தோள்பட்டை போய்விடும்.
பழுக்கக் காய்ச்சிய கத்தி: புகை, நாற்றம். விளிம்பு கூழ் மாதிரி வழிகிறது. வேண்டாம்.
ஜிக்சா (குட்டி பிளேடு மேலும் கீழும் ஓடும் கரண்ட் ரம்பம்): நன்றாகப் போகிறது. முதலில் துளை போட்டு பிளேடை உள்ளே விட வேண்டும். வளைவில் துள்ளுகிறது. இரண்டு பிளேடு முறிந்தது.
கட்டிங் மெஷின் (வட்டத் தகடு சுழல்வது): ஐந்தே நிமிஷம். வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி, வெட்டிய இடமே பின்னால் ஒட்டிக்கொள்கிறது. நிறுத்தி நிறுத்தி ஓட்ட வேண்டும்.

நேர்க்கோட்டுக்குக் கட்டிங் மெஷின், வளைவுக்கு ஜிக்சா என்று சொன்னேன்.

மேரிக்குப் பிடிக்கவில்லை. (எதிர் வீடு. பதினோரு வருஷப் பழக்கம். இந்த வேலைக்கு அவளைச் சேர்த்துவிட்டதே நான்தான்.) "ரம்பமே போதும்க்கா. கைக்கு அடங்குது. இது இன்னாக்கா, நாய் மாரி உறுமுது." எல்லாரும் சிரித்தோம்.

போகும்போது சார், "வசந்தா, இனிமே வெட்ற வேலைக்கு நீதாம்மா இன்சார்ஜ்" என்றார். இன்சார்ஜ். இங்கே எழுதிப் பார்க்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 12, புதன்

இருபத்தி மூன்று முடிந்தது. கண்ணாடி போட்டும் கண்ணில் தூசி. நீலத் தூள் மூக்கில், காதில், சோற்றில்.

டிரம் எல்லாம் கெமிக்கல் கம்பெனிகளில் இருந்து வருவது. உள்ளே என்ன இருந்தது என்று பாதிக்கு லேபிளே இல்லை. அதனால் நானே சட்டம் போட்டேன்: இரண்டு தரம் கழுவ வேண்டும். இரண்டு மூடியும் திறந்து ஒரு நாள் முழுக்கக் கவிழ்த்து வைக்க வேண்டும். வாடை வந்தால் மெஷின் வைக்கக் கூடாது. மெஷின் ஓடும்போது அதன் வயிற்றுக்குள்ளேயே பொறி பறக்கும், பக்க ஓட்டையில் பார்த்தால் தெரியும்; உள்ளே வாடை இருந்தால் அது போதும், பற்றிக்கொள்ளும். எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னேன். டீச்சர் மாதிரி.

சாயங்காலம் ஆரணி பக்கம் மழையாம். இங்கே காற்று மட்டும்.

ஜூன் 14, வெள்ளி

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதாவிட்டால் இன்னும் மோசம்.

நாளைக்கு லாரி. இன்னும் ஒன்பது பாக்கி. கழுவி வைத்த வரிசை தீர்ந்துவிட்டது. சுவர் ஓரம் இருந்த வரிசையில் இருந்து நானே ஒன்றை உருட்டி வந்து மேரி முன்னால் போட்டேன். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

அவள் மூடியில் மூக்கை வைத்தாள். "வாட வருதுக்கா. கழுவலியா?"

"கழுவனதுதான். வெட்டுடி, லேட்டாவுது."

கழுவியதா என்று எனக்குத் தெரியாது. பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதனால்தான் பார்க்கவில்லை.

பானைக்குள் வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம். மூடி பறந்து தகரக் கூரையில் அடித்தது. வெட்டிய வாயில் இருந்து நீலமாக ஒரு நெருப்பு, வந்ததும் தெரியவில்லை போனதும் தெரியவில்லை. மேரி கத்தவே இல்லை. கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். வலது கை முழங்கை வரை, பின் கழுத்து, புருவம். கழுவும் குழாய்த் தண்ணீரைக் கை மேல் விட்டுக்கொண்டே இருந்தேன். ஆட்டோ வந்தது. எங்களோடு வேலை செய்யும் குமாரி கூடப் போனாள்.

சார் ஓடி வந்தார். சுற்றி எல்லாரும் நிற்கிறார்கள். "கழுவாதத யாரு வெட்டச் சொன்னது?"

என் வாய் சொன்னது: "நான் சொல்லல சார். அவளே எடுத்து வெட்டிட்டா."

யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் தடுமாறாமல் சொன்னேன். தினமும் சொல்லிப் பழகிய மாதிரி.

ஜூன் 15, சனி

லாரி போய்விட்டது. குறைந்த ஒன்பதைப் பற்றிப் பண்ணைக்காரர் ஒன்றுமே கேட்கவில்லை. அடுத்த வாரம் வாங்கிக்கொள்கிறாராம். இதற்குத்தான் அந்த அவசரம்.

கேஸ் சிலிண்டர் வந்தது. துணி ஊற வைத்தேன். மகள் போன் செய்தாள், "இன்னாம்மா கொரலு ஒரு மாரி கீது?" என்றாள். தூசி என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. குமாரி போய் வந்தாள். கண்ணுக்கு ஒன்றும் இல்லையாம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றாளாம் மேரி. என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்று நான் குமாரியிடம் கேட்கவில்லை.

ஜூன் 17, திங்கள்

மேரி வீட்டுக்கு வந்துவிட்டாள். எதிர் வாசலில் செருப்புகள், பார்க்க வந்தவர்கள். நான் பின் கதவு வழியாக வேலைக்குப் போனேன். நாற்பத்தாறு வயதில் பின் கதவு வழியாக.

சாயங்காலம் ஜோசப் வந்தார், மேரி வீட்டுக்காரர். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"சாரு போன் பண்ணாருக்கா. சொன்ன பேச்சு கேக்காதவங்க இனிமே வர வேணாம்னுட்டாரு. இவளும் சரின்னுட்டா. அவ அப்டி சொல்லாம கொள்ளாம எடுக்கறவ இல்லியேக்கா. நீங்க ஒரு வார்த்த பேசுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

"பேசறேன் தம்பி."

"நீங்க ஒருத்தர் இருக்கறதுதான்க்கா தைரியம்."

டீ கொடுத்தேன். கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அதையாவது செய்யாமல் போயிருக்கலாம்.

ஜூன் 18, செவ்வாய்

சார் அறை வாசல் வரை போனேன். "இன்னாம்மா?" என்றார். "ஜிக்சா பிளேடு தீர்ந்துபோச்சு சார்" என்றேன். தீரவில்லை. பெட்டியில் ஆறு இருக்கிறது.

ஜூன் 19, புதன்

சொல்லிவிட்டேன். காலையில் முதல் வேலையாக சார் அறைக்குப் போனேன்.

"சார், மேரியா எடுக்கல. நான்தான் உருட்டிக்கினு வந்து குடுத்தேன். வாட வருதுன்னு சொன்னா. கழுவனதுன்னு பொய் சொல்லி வெட்டச் சொன்னேன்."

சார் பேனாவை மூடினார். "இன்னாம்மா பேஜாரு பண்ற? அவளே ஒத்துக்கினாளே. போன்ல கேட்டேன். நாந்தான் சார் எடுத்தேன்னா."

கதவைச் சாத்திவிட்டு மேசை அருகே போனேன்.

"அவளும் பொய்தான் சார் சொல்லிக்கீறா."

சார் பேனாவை மறுபடி திறந்தார். பிறகு, கை ஆறினதும் மேரி வரட்டும் என்றார். நான் மெஷின் பக்கமே போகக் கூடாது, இன்று முதல் கழுவும் தொட்டி. குமாரி இன்சார்ஜ். மத்தியானம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

ஜூன் 20, வியாழன்

சாயங்காலம் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். முன் வாசல் வழியாக. மேரி கட்டிலில். புருவம் இல்லாத முகம். வேறு யாரோ மாதிரி.

"ஏன்டி நீ எடுத்ததா சொன்ன?"

"நீ சொல்லுவன்னு மூணு நாளு பாத்தேன். வரவே இல்ல. அப்பறம் சாரு கேட்டாரு. நான் ஒண்ணு சொல்லி, நீ ஒண்ணு சொல்லி, நடுவுல அவரு பஞ்சாயத்து பண்ணி... தெருவே பேசும். தெனம் எதுருல உன் மூஞ்சியப் பாக்கணுமேக்கா."

"மேரி, தப்பு..."

"வேணாம். மன்னிச்சுட்டேன்னு நெனச்சிக்காத. கை எரியும்போது உன் கொரலுதான் கேக்குது. கழுவனதுதான், வெட்டுடின்னு."

விசிறியை எடுத்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அவருக்கு நான் இன்னும் சொல்லல. வந்துருவாரு. நீயே சொல்லிட்டுப் போ."

இருபது நிமிஷம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஜோசப் வந்தார். "வாங்கக்கா" என்றார். சொன்னேன், முதலில் இருந்து. நின்றபடியே கேட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. சாத்துக்குடிப் பையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"எடுத்துக்கினு போங்க."

தெருவைத் தாண்டினால் என் வீடு. பத்து அடி இருக்கும். பையோடு நடந்தேன். வாசல்களில் ஆட்கள்.

ஜூன் 22, சனி

ராத்திரி மழை பெய்திருக்கிறது, தெருவில் சேறு. வேலைக்குக் கிளம்பும்போது எதிர் ஜன்னலில் இருந்து குரல். "அக்கா. அவரு ஷிப்ட்டுக்குப் போய்ட்டாரு. ஒரு கைல தல சீவ முடில."

செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சிக்கு எடுத்தேன். பின் கழுத்துக்கு மேலே முடி கருகி முள் முள்ளாக இருக்கிறது. சீப்பு அங்கே போனதும் தோள் ஒடுங்கியது.

"மெதுவா," என்றாள். சீப்பை வைத்துவிட்டு விரலால் பிரித்தேன். பின்னலை முடிந்துவிட்டு வேலைக்குப் போனேன்.