வேணாழி அரண்மனையின் பொது முத்திரை உடைந்தது பற்றி

நன்மை நிலைக்க. மழை பிழையா மலைகளும் கலம் தவறாத் துறைகளும் உடைய வேணாழி நாட்டை, தம் கொழுநர் கடுங்கோன் மறைந்தபின் தனித்து ஆளும் பேரரசி பொன்னிறையாள் திருமுன்பிருந்து, அவர் திருவாய்மொழி கேட்டு எழுதும் ஓலைநாயகம் நன்னன் வரைந்தது. கல்லாழி நகரத்து முத்திரைச்சாலைத் தலைவர், பெருந்தகை கூத்தன் பரணர் காண்க. தங்கள் நகரம் தழைக்க. தங்கள் சுற்றம் நலம் பெறுக. தங்கள் செவி இம்முறையேனும் திறந்திருக்க.

மறைந்த மன்னர் தம் திருமண ஆண்டில், மாக்கல்லில் நண்டு செதுக்கிய முத்திரை ஒன்றைத் தங்கள் சாலையில் தம் பெயரால் பதிவித்தார். அரண்மனையில் யார் ஓலை விடுத்தாலும் அந்த நண்டே. நண்டுக்கு வரும் மறுமொழி யாருக்குரியது என்று வெளியே குறிக்கும் வழக்கமில்லை. ஆகவே எல்லா ஓலையும் உணவுக்கூடத்தில் பிரித்து உரக்கப் படிக்கப்பட்டன. மன்னரும் அரசியாரும் மட்டுமே இருந்த காலத்தில் அதனால் தீங்கில்லை. பின்பு மகன் வெளியன் வளர்ந்தார். அவருக்கு மனைவியாகக் கொற்றி வந்தார். வெளியன் பந்தயத்துக்குக் குதிரை கேட்டு எழுதியதை அரசியாரின் ஆணை என்று கொண்டு வடகணவாய்க் காவலர் தம் குதிரைகளையெல்லாம் அனுப்பிவிட்டதும் உண்டு. அன்று அரசியார் மகனைக் கடிந்தாரேயன்றி முத்திரையைக் கடியவில்லை.

சென்ற கார்காலத்தில், கடலுக்கு அப்பால் தீவில் வாழும் முதிய மருத்துவரின் ஓலை வந்தது. வழக்கம்போல் எல்லோர் முன்னும் படிக்கப்பட்டது. கரு மீண்டும் தங்காது போனமைக்கு வருந்த வேண்டாம் என்றும், குருதிப்போக்கு நிற்கும்வரை ஓய்வு கொள்க என்றும் அதில் கண்டிருந்தது. கொற்றி கருவுற்றிருந்ததையும், மருத்துவருக்கு மறைவாக எழுதியதையும் அங்கிருந்த எவரும் அறியார், வெளியனும் அறியார். கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டுக் கொற்றி எழுந்தார். பின்தொடர்ந்து சென்ற அரசியாரிடம் அவர் கேட்டது ஒன்றே: "என் வயிற்றுச் சேதியை நான் சொல்லுமுன்னே பரிமாறுகிறவர்கள் கேட்க வேண்டுமா, அத்தை?"

அன்றே அரசியார் தங்களுக்கு எழுதினார்: நண்டு முத்திரையைக் கலைத்து, ஆளுக்கொரு முத்திரை தருக என்று. முத்திரை கடுங்கோன் பெயரில் இருப்பதால் அவரே நேரில் வந்து இசைய வேண்டும் என்று தாங்கள் மறுமொழி விடுத்தீர். அவர் இறந்துபோனார் என்று மீண்டும் எழுதியதற்கு, அப்படியாயின் பதிவின்போது அவர் ஒப்படைத்த மறைசொல்லைச் சொல்லுக என்றீர். அது அவர் சிறுவயதில் முதன்முதல் ஏறிய விலங்கின் பெயர் என்றும் குறிப்புத் தந்தீர். "யானையா, கோவேறு கழுதையா என்றுகூட அவர் என்னிடம் சொன்னதில்லையே!" என்று அரசியார் தலையில் அடித்துக்கொண்டார். முதிய பாகர்களை அழைத்துக் கேட்டு அவர் அனுப்பிய பெயர்கள் யாவும் பிழை என்று, அடுத்த அமாவாசைவரை எம் ஓலைகளுக்குச் சாலை வாயிலையும் அடைத்தீர்.

வாயில் திறந்தபின் அரசியார் ஆணையாகவே விடுத்தார். நண்டு முத்திரையிட்ட ஆணையை அவ்வீட்டார் எவரும் எழுதியிருக்கக்கூடும், எனவே இது அரசியாருடையது என்பதற்குச் சான்று வேண்டும் என்றீர். அம்மறுமொழியும் நண்டுக்கே வந்தது. கொற்றி கேட்டிருக்கவே படிக்கப்பட்டது.

இதற்கிடையே கொற்றிக்குக் காய்ச்சல் கண்டது, குருதியும் நிற்கவில்லை. நோயின் முழுவிவரத்தையும் அறிந்தவர் அம்மருத்துவர் ஒருவரே. கடல் கடக்கும் வயது அவருக்கு இல்லை. "ஓர் ஓலை எழுதம்மா, படகு காத்திருக்கிறது" என்று அரசியார் கட்டிலருகே அமர்ந்து மன்றாடினார்.

"எழுதிவிடலாம், அத்தை. பதில் வருமே" என்று சொல்லிக் கொற்றி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அரசியார் எழுந்தார். நேரே மடைப்பள்ளிக்குச் சென்று, இஞ்சி நசுக்கும் குழவியை எடுத்து, நண்டு முத்திரையை அம்மியில் வைத்து உடைத்தார். உடைத்தபின், கணவர் கை பட்டுத் தேய்ந்த பிடி தனியே உருண்டு கிடக்கக் கண்டு, அதை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். மற்ற துண்டுகள் இவ்வோலையுடன் வருகின்றன.

ஆகவே ஆணை: கொற்றியின் முத்திரை முதலில் செதுக்கப்படுக. அதில் என்ன உரு என்பது அவரிடம் மட்டும் கேட்கப்படுக, அரசியாரிடமும் சொல்லப்படாதொழிக. அதன் பெயரில் வரும் ஓலையை அவரன்றி எவர் பிரித்தாலும் அரசகுற்றம். வெளியனுக்கும் அரசியாருக்கும் உரியவை பின்பு ஆகுக. அரண்மனை ஓலைப் பேழையில் கிடந்த மருத்துவர் ஓலை கொற்றியின் தலைமாட்டில் வைக்கப்பட்டுவிட்டது.

இவ்வோலையில் முத்திரை இல்லை, தேடவேண்டாம். அரசியார் சுடும் அரக்கில் தம் பெருவிரலைப் பதித்திருக்கிறார். சூடு பொறாமல் எடுத்ததால் ரேகை சற்றே கலைந்துள்ளது. இது எவர் விரல் என்று தங்களுக்கு ஐயம் எழுமாயின் எழுதிக் கேட்க வேண்டியதில்லை. அரசியார் அவ்விரலோடு கல்லாழிக்குப் புறப்பட்டுவிட்டார். தாங்கள் இதைப் படித்து முடிக்குமுன் வாயிலில் குதிரைச் சத்தம் கேட்கும். எழுந்து சென்று கதவைத் திறக்க.