ஆற்றில் விடாத பூச்செண்டு

மாயவரம்
20-6-1969

அன்புள்ள அம்சவல்லிக்கு,

நான் நலம். நீயும் உன் புது மாப்பிள்ளை அரசப்பனும் நலமா? அய்யர் இல்லாமல் நடந்த உன் கல்யாணத்தைப் பற்றித்தான் இங்கே பயிற்சிப் பள்ளி விடுதியில் ஒரே பேச்சு. இப்போது அதுவும் சட்டப்படி செல்லும் என்றால் பாதிப் பேர் நம்பவில்லை. நான் கட்டிக் கொடுத்த பூச்செண்டோடு நீ நின்றது கண்ணிலேயே நிற்கிறது.

ஆனால் ஒரு கோபம். பண்ணையார் மகள் என்று எல்லார் முன்னாலும் என்னைச் "சின்னம்மா" என்றாய். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்களுக்குள் இது என்ன? கடிதத்திலாவது மங்களா என்று எழுது.

ஆடிப் பதினெட்டுக்குக் கல்யாணப் பூவை ஆற்றில் விடச் சொல்வார்கள். விடாதே. செண்டைத் தலைகீழாக நிழலில் தொங்கவிட்டு, பிறகு உலர்ந்த மணலில் புதைத்து வை. ரோஜா கறுத்தாலும் வாடாமல்லி நிறம் மாறாது. உன் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

உன் பிரியமுள்ள
மங்களாம்பிகை


கோரைவாய்க்கால்
6-8-1969

அன்பு மங்களாவுக்கு (எழுதிவிட்டேன், போதுமா?),

நீ சொன்னபடியே செய்தோம். இவர் ஆற்று மணலைச் சலித்து, ஈரம் போக வடைச்சட்டியில் போட்டு வறுத்தார். மணல் வறுக்கும் மாப்பிள்ளை என்று தெருவே சிரிக்கிறது. என் மாமியாருக்குத்தான் மனமில்லை. ஆடிப்பெருக்கன்று மற்றவர்கள் மாலையை ஆற்றில் விட்டபோது, "கல்யாணப் பூவ வீட்டுல வச்சிருந்தா ஆம்பளைக்கு ஆகாதுடி" என்று மூக்கைச் சிந்தினார். இவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

குறுவை அறுப்புக்குக் கூலி கூட்டிக் கேட்கிறார்கள். சங்கத்தில் இவர்தான் முன்னால் நிற்கிறார். உன் அப்பா வெளியூர் ஆட்களை இறக்கப்போவதாகப் பேச்சு. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆயுத பூஜை லீவுக்கு வருவாய் அல்லவா, அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்.

அம்சா


கோரைவாய்க்கால்
3-11-1969

மங்களா,

இவர் செத்த பிறகு நீ ஒரு வரி எழுதவில்லை. லீவுக்கு வந்திருந்த உன்னை மறுநாளே மாயவரத்துக்கு அனுப்பிவிட்டார்களாம்.

வெளியூர் ஆட்களிடம் பேசிப் பார்க்கிறேன் என்றுதான் உங்கள் களத்துக்குப் போனார். வைக்கோல் போரிலிருந்து விழுந்தார் என்று உங்கள் காரியஸ்தர் துரைக்கண்ணு சொன்னதையே போலீசில் எழுதிக்கொண்டார்கள். நான் ஓடி வந்தபோது துரைக்கண்ணு கையில் கம்பு இருந்தது. அதற்கு முன் நடந்ததை நான் பார்க்கவில்லை. நீ பார்த்தாய். மாடிச் சன்னலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாய். நான் நிமிர்ந்தபோது என்னையும் பார்த்தாய்.

வீட்டில் வைத்த பூதான் அவரைக் கொண்டுபோய்விட்டது என்று மாமியார் மாரில் அடித்துக்கொள்கிறார். தெருவும் அதையே சொல்கிறது. பூ இல்லை, கம்பு என்று சொல்ல நீ ஒருத்திதான் இருக்கிறாய். சங்கத்தார் வழக்குப் போட்டிருக்கிறார்கள், கோர்ட்டுக்கு வந்து சொல். உன்னிடம் வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

அம்சா


மாயவரம்
20-11-1969

என் அன்பு அம்சா,

அழுதுகொண்டே எழுதுகிறேன். சோறு இறங்கவில்லை. அப்பாவுக்கு இரத்தக் கொதிப்பு அதிகமாகிவிட்டது. தை மாதம் எனக்குக் கல்யாணம் நிச்சயம் செய்திருக்கிறார்கள்.

அன்று எனக்குத் தலைவலி. சன்னலுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் என்னவென்று சொல்வேன்? பெரியவர்கள் சொல்வதிலும் ஏதாவது இருக்குமோ என்னவோ. பூவை வைக்கச் சொன்னவள் நான்தான், அந்தப் பழி என் மேலேயே இருக்கட்டும். செண்டை ஆற்றில் விட்டுவிடு அம்சா. உன் மனம் கொஞ்சம் ஆறும்.

என்றும் உன்
மங்களா


கோரைவாய்க்கால்
12-1-1970

மதிப்பிற்குரிய சின்னம்மா அவர்களுக்கு,

வணக்கம். சாட்சி இல்லை என்று வழக்கை முடித்துவிட்டார்கள். தை பிறந்ததும் தங்களுக்குக் கல்யாணம் என்று தெரியும். நன்றாக இருங்கள்.

தாங்கள் சொன்னபடி செண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். மாமியாரும் தெருப் பெண்களும் படித்துறையில் காத்திருந்தார்கள். தண்ணீரில் இறங்கிய பிறகுதான் புத்தியில் பட்டது. அதை விட்டால், பூதான் கொன்றது என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். மாமியார் என்னோடு பேசுவதில்லை.

அவர் வறுத்த மணலிலேயே வைத்திருக்கிறேன். ரோஜா கறுத்துவிட்டது. வாடாமல்லி அப்படியே இருக்கிறது.

சித்திரையில் எனக்குப் பிள்ளை பிறக்கும். வளர்ந்ததும் செண்டைக் காட்டுவேன். "இது உன் அப்பா வறுத்த மணல்" என்று பிள்ளையிடம் சொல்வேன். அவர் எப்படிச் செத்தார் என்பதையும் சொல்வேன். பூவைக் கட்டிக் கொடுத்தது யார் என்று கேட்டால், பண்ணையார் வீட்டுச் சின்னம்மா என்பேன். மங்களா என்று எனக்கு ஒருத்தி இருந்தாள் என்று மட்டும் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
அரசப்பன் மனைவி அம்சவல்லி