பெட்டியோட வந்த கொழுந்தனார்

அக்டோபர் 28, செவ்வாய்

காலையிலேருந்து மழை. ஒழுகற எடத்துல குண்டான் வெச்சேன். பொடவை குஞ்சம் கட்டற வேலை பாதியில நிக்குது. அரக்குக் கலர், கண்ணு எரியுது.

கொழுந்தனார் பெனடிக்ட் இங்கிலாந்துலேருந்து போன். நாளைக்கு வர்றாராம். அண்ணனைக் கோவாவுக்குக் கூட்டிகினு போவணுமாம். எங்க வீட்டுக்காரரு செத்து மூணு வருசம் ஆவுது. எங்க கூட்டிகினு போறது? கேக்கறதுக்குள்ள போன் கட்.

முட்டை, கொசுவத்தி வாங்கணும்.

அக். 29, புதன்

வந்துட்டாரு. கண்ணமங்கலத்துல டாக்சி பஞ்சர், பஸ் புடிச்சு வந்தாராம். கையில சின்ன மரப்பெட்டி, மூடியில சிலுவை.

இப்பதான் புரிஞ்சுது. கோவாவுல அவுங்க ஊர்ல கல்லறை மூணு வருசத்துக்குத்தானாம். அப்புறம் தோண்டி, எலும்பை இந்த மாதிரிப் பெட்டியில போட்டுக் கோயில் சுவத்து மாடத்துல வெச்சிட்டு, அந்தக் குழியில அடுத்த ஆளாம். இங்கயும் அப்பிடித்தான்னு நெனச்சிகினு ஓடியாந்திருக்காரு. அண்ணன் எலும்பை யாராவது வெளிய போட்டுடுவாங்கன்னு பயம். பாவமா இருந்துது. கோவமும்தான்.

நாங்க பேசிக்கிறது ஹிந்தி. குவைத்துல வீட்டு வேலை செஞ்சப்ப கத்துகினது. எங்க வீட்டுக்காரரையும் அங்கதான் பார்த்தேன். அவரு அங்க ஓட்டல்ல சமையல். கொழுந்தனார் என்னைக் கூப்பிடறதும் ஹிந்தியிலதான், பாபின்னு, அண்ணின்னு அர்த்தம்.

பக்கத்து வீட்டு செல்வி எட்டிப் பார்த்துட்டுப் போயி தெருவுல சொல்றா: "பாஸ்போர்ட்டு போர்ச்சுகல்லு, இருக்கறது இங்கிலாந்து, ஊரு கேட்டா கோவான்றாரு, குந்திகினு இருக்கறது நம்ம ஆரணியில."

சிரிச்சிட்டேன். ரொம்ப நாளைக்கு அப்புறம்.

அக். 30, வியாழன்

மழை விட்டுது. கொழுந்தனாருக்குத் தோசை, முட்டை.

நாளெல்லாம் அதே பேச்சு. அப்பா, தாத்தா எல்லாரும் அந்தச் சுவத்துலதான் இருக்காங்களாம், அண்ணன் மட்டும் இங்க தனியாவாம். இங்கிலாந்துல அவரைப் பாகிஸ்தான்காரன்னு நெனைக்கிறாங்களாம். கோவாவை முன்ன போர்ச்சுகல்காரங்க ஆண்டதால கெடைச்ச பாஸ்போர்ட்டாம், ஆனா அங்க போனா, நம்ம பாஸ்போர்ட்டு இருக்குது, நம்ம பாஷை எங்கன்னு சிரிப்பாங்களாம். கோவா போனா வெளிநாட்டுக்காரனாம். அந்தச் சுவரு ஒண்ணுதான் எங்களை யாருன்னு கேக்காதுன்னாரு.

நியாயம்தான்.

எங்க வீட்டுக்காரரும் கடைசி வரைக்கும் கோவாக்காரர்தான். பஜார் பேக்கரியில ரொட்டி போட்டுகினே, ஆரணியில நல்ல மீன் கெடைக்கலன்னு தெனம் திட்டுவாரு. ஆனா திரும்பிப் போலாம்னு ஒரு நாளும் சொன்னதில்ல.

கேட்டேன், அந்த ஊர்ல இப்ப யாரு இருக்காங்கன்னு. வீடு பூட்டி இருக்குதாம். தங்கச்சி கனடாவுல.

"அப்ப மெழுகுவத்தி யாரு கொளுத்துவா? நான் இங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போறேன். நடந்தே."

தோசையைப் பிச்சிகினே இருந்தாரு.

அக். 31, வெள்ளி

கல்லறைக்கு ரெண்டு பேரும். கல்லறையைப் பார்த்துக்கற கோயில்பிள்ளை சூசை கூட வந்தாரு. எப்ப தோண்டுவீங்கன்னு கொழுந்தனார் கேக்கச் சொன்னாரு. கேட்டேன். சூசை என்னை ஒரு மாதிரி பார்த்தாரு.

"எதுக்கும்மா தோண்டணும்? அது அவரு எடம்."

ஹிந்தியில சொன்னேன். எப்பவுமேவான்னாரு. எப்பவுமேன்னேன். ஈர மண்ணுல அப்பிடியே குந்திட்டாரு, நல்ல பேண்ட்டு.

அப்பவே சொல்லிட்டேன். பெட்டி வேணாம், அவரு எங்கயும் வரமாட்டாரு. அழுவேன்னு நெனச்சேன். அழல. குரல் நல்லா நின்னுது.

பேண்ட்டைத் தொவைச்சுப் போட்டேன். காயல.

நவ. 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். வெய்யில். சுண்ணாம்பு அடிச்சோம், சாமந்தி வெச்சோம். கொழுந்தனார் அவுங்க பாஷையில ஜெபம் சொன்னாரு. எங்க வீட்டுக்காரரு குரல் மாதிரியே இருந்துது, அங்க இருக்க முடியல. கொஞ்சம் தள்ளிப் போய் நின்னேன். திரும்பி வந்தா, பக்கத்துல இருக்கற காலி எடத்தைக் காலால அளந்துகினு இருக்காரு.

"பாபி, இது எனக்குக் கெடைக்குமா?"

"அது என் எடம். உங்களுக்குக் கால்மாட்டுல கேட்டுப் பார்க்கலாம்."

சரின்னாரு. சூசைகிட்ட நாளைக்கே பேசணும்.